வரிசை வீட்டுக்கு ஸ்கைலைட்: வெளிச்சம் வரட்டும், வெயில் வேண்டாம்

கோலாலம்பூர் வரிசை வீடுகளில் நடுப்பகுதிதான் இருட்டு. முன்னும் பின்னும் சன்னல், இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். மாடிப்படியில் பட்டப்பகலிலும் விளக்கெரியும். ஸ்கைலைட், அதாவது கூரையில் வெளிச்சத்துக்கான கண்ணாடித் திறப்பு, போட நினைப்பது நியாயம்தான். ஆனால் அளவும் இடமும் தப்பினால், விளக்கில் மிச்சம் பிடித்ததை ஏர்கோன் விழுங்கிவிடும்.

கணக்குப் பாருங்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 900 வாட். தெளிந்த கண்ணாடி அதில் 80 விழுக்காட்டை உள்ளே விடும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் திறப்பு என்றால் கிட்டத்தட்ட 2,900 வாட். 1 குதிரைத்திறன் ஏர்கோன் இறைத்து வெளியேற்றுவதே 2,600 வாட்தான்!

‘வடக்குப் பார்த்து வை, தெற்குப் பார்த்து வை’ என்ற வெளிநாட்டு அறிவுரை கூரையோடு படுத்திருக்கும் கண்ணாடிக்கு இங்கே உதவாது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சியில். ஜூனில் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே. படுத்த கண்ணாடி ஆண்டு முழுவதும் வெயில் வாங்கும், நிற்கும் கண்ணாடி தப்பிக்கும். அதனால் முதலில் கேட்க வேண்டியது ஜேக் ரூஃப்: கூரையின் ஒரு பகுதியை உயர்த்தி, அந்த இடைவெளியில் வடக்கோ தெற்கோ பார்த்த செங்குத்துச் சன்னல், மேலே 60 செ.மீ. இறவாரம். கண்ணாடிக்குப் பக்கத்திலேயே லூவர் (காற்றுப் போகும் சாய்பட்டை அடைப்பு) வைத்தால் மேலேறும் சூட்டுக்காற்றும் வெளியேறும். பினாங்கு ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் நடுமுற்றம் வெளிச்சத்தையும் காற்றோட்டத்தையும் இப்படிச் சேர்த்தே தந்தது.

கூரையை உயர்த்த முடியாதா? சிறியதாகப் போடுங்கள். மாடிப்படிக்கு 60 செ.மீ. சதுரம் போதும். ஏர்கோன் ஓடும் அறைக்கு மேல் வேண்டவே வேண்டாம். கடையில் ‘சூடு தாங்கும் கண்ணாடி’ என்றால் விடாமல் எண்ணைக் கேளுங்கள்: எஸ்எச்ஜிசி (வெயில் சூட்டில் உள்ளே வரும் பங்கு) 0.30க்குக் கீழே, ஒளி ஊடுருவல் 40 விழுக்காட்டுக்கு மேலே. லோ-இ (சூட்டைத் திருப்பியனுப்பும் மெல்லிய பூச்சு) பூசிய இரட்டைக் கண்ணாடியில் இது கிடைக்கும். கறுப்பு டின்ட் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத் தானும் சூடேறி அனலைக் கீழே இறக்கும். உட்பக்கத் திரையும் அதிகம் உதவாது, அதை எட்டும்போதே சூடு வீட்டுக்குள் வந்தாயிற்று. உள் கண்ணாடி லேமினேட்டடாக, அதாவது உடைந்தாலும் துண்டுகளைப் பிடித்துவைக்கும் படலம் நடுவில் உள்ளதாக, இருக்கட்டும். வெறும் டெம்பர்டு (சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி) உடைந்தால் தலையில்தான் கொட்டும்.

பின்கட்டுச் சமையலறைக்குப் பாலிகார்பனேட் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு மலிவு. கெடுவது பொருத்தும் விதத்தில். 3 மீட்டர் தகடு 40 பாகை சூடேறினால் ஏறக்குறைய 8 மி.மீ. நீளும். துளையை ஸ்க்ரூவைவிடப் பெரிதாகப் போடாமல் இறுக்கினால் முதலில் நெறிநெறியென்று சத்தம், பிறகு விரிசல், பிறகு ஒழுக்கு. யூவி பூச்சுள்ள பக்கம், அதாவது ஒட்டுத்தாளில் குறித்திருக்கும் பக்கம், மேலே வர வேண்டும். நடுவே குழல்கள் ஓடும் இரட்டைச் சுவர்த் தகட்டின் மேல் முனைக்கு அலுமினிய டேப், கீழ் முனைக்குக் காற்றுப் போகும் டேப். இதை விட்டால் ஈரம் உள்ளே தங்கி, குழல் குழலாகப் பச்சைப் பாசி ஏறும், எறும்பும் குடிவரும்.

ஒழுகாமலிருக்க, ஸ்கைலைட்டின் சட்டம் கூரையைவிட 15 செ.மீ. உயர்ந்து நிற்கட்டும். உலோக ஃப்ளாஷிங், அதாவது இடுக்கில் தண்ணீர் இறங்காமல் மூடும் தகடு, மேல்பக்கம் ஓட்டுக்கு அடியில் நுழைய வேண்டும், கீழ்ப்பக்கம் ஓட்டின் மேல் படிய வேண்டும். சிலிக்கோன் மட்டும் தடவிவிட்டுப் போக விடாதீர்கள், நாளடைவில் உரிந்துவிடும். சீலிங் அடைக்கும் முன்பே குழாய்த் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: முதலில் கீழ்விளிம்பு, பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்விளிம்பு, ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். ஈரம் எந்தக் கட்டத்தில் தெரிகிறதோ, ஓட்டை அந்த இடத்தில்.