பையில் 'பசுமை' என்று அச்சடிக்குமுன்

"பயோசார் போட்டு விளைந்த அரிசி" என்று பையில் போடலாம். (பயோசார் என்பது மரம், உமி போன்றவற்றைக் காற்று அதிகம் படாமல் சுட்டு மண்ணில் இடும் கரி.) "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று மொட்டையாகப் போடக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இப்படிப்பட்ட பொதுச்சொல்லோடு விளக்கமும் ஆதாரமும் சேர்ந்தே வர வேண்டும். கியூஆர் கோடு வழியாகவும் அதைத் தரலாம்.

முதலில், போட்டது பயோசார்தானா என்று பாருங்கள். அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் வெளிறிய உமிச்சாம்பல் பயோசார் ஆகாது. காற்றோட்டத்தில் எரிந்து கரிமம் பெரும்பாலும் போய்விட்டது, மிஞ்சியது சிலிக்கா.

எவ்வளவு கரியமில வாயுவை மண்ணில் அடைத்தோம் என்ற எண்ணையும் பையில் போடுவதானால், கணக்கு பெரும்பாலும் கரியின் எடையில்தான் சறுக்கும். சூளையைத் தண்ணீர் ஊற்றி அணைத்ததும் எடை போட்டால், 1 டன்னில் 400 கிலோ வரை தண்ணீராகவே இருக்கலாம். மாதிரி எடுத்து, 105 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, உலர் எடையையே எழுதுங்கள். கரிம விகிதத்தை ஆய்வகத்தில் அளக்க வேண்டும். சீமைக்கருவேலங் கரியில் 75% என்று வந்தால், 450–600 டிகிரியில் ஆனதற்கு ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) 2019இல் தந்த 0.80 நிலைப்பு விகிதத்தாலும் (நூறாண்டுக்குப் பிறகும் மண்ணில் மிஞ்சும் பங்கு), கரிமத்தைக் கரியமில வாயுவாக மாற்றும் 3.67ஆலும் பெருக்கினால், உலர்ந்த 1 டன்னுக்கு 2.2 டன் கரியமில வாயு. உமிக்கரியில் கரிமம் 40% என்று வந்தால் 1.17 டன்தான். மரக்கரியின் எண்ணை உமிக்கரிக்குப் போடுவது தவறு.

இதிலிருந்து மரம் ஏற்றும் வண்டியின் டீசல், சூளைப் புகை ஆகியவற்றால் வெளியேறும் வாயு எல்லாம் கழிய வேண்டும். நம் பக்கத்து மண் மூட்டத்தில் (விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுடும் முறை) புகையோடு மீத்தேனும் போகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும். ஆகவே மூட்டக் கரிக்கு மேலே சொன்ன எண் பொருந்தாது. வாயுவைத் தீயாக எரித்துவிடும் திறந்தவாய்க் கூம்புச் சூளை இதைவிட மேல்.

இப்படி அடைத்த கரிமத்துக்கான சான்றை, அதாவது கார்பன் கிரெடிட்டை, விற்றுவிட்டீர்களா? அப்படியானால் அந்தக் கரிமம் வாங்கியவருடையது. அதே எண்ணை அரிசிப் பையிலும் போட்டால் ஒரே கரிமத்தை இரண்டு பேர் உரிமை கொண்டாடுவதாகும்.

"சீமைக்கருவேலத்தை ஒழிக்கிறோம்" என்ற வாசகத்திலும் கவனம் வேண்டும். கண்மாய்க்குள் கிளையை மட்டும் வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும். வேரோடு தோண்டி எடுத்த பரப்பை மட்டும், முன்னும் பின்னும் எடுத்த படத்தோடு எழுதுங்கள். "விளைச்சல் கூடியது" என்பதற்கு, அதே வயலில் பயோசார் போடாத பாத்தி ஒன்றை ஒதுக்கி, இரண்டு பருவமாவது எடை போட்டிருக்க வேண்டும்.