மாதப் பணமும் விலைவாசியும்

குடிமக்கள் அனைவருக்கும் அரசே மாதந்தோறும் ஒரு தொகையைக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை பேசப்படும்போதெல்லாம், ‘சும்மா பணம் வந்தால் யார் வேலைக்குப் போவார்கள்?’ என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. எனக்குள்ள கவலை வேறு: இன்று அறிவிக்கப்படும் தொகை பத்து ஆண்டுகள் கழித்து எதை வாங்கும்? இதற்கு ஈரானின் அனுபவத்தைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

2010 டிசம்பரில், அகமதிநெஜாத் அதிபராக இருந்தபோது, பெட்ரோல், டீசல், மின்சாரம், ரொட்டி ஆகியவற்றுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவந்த மானியத்தை ஈரான் அரசு பெருமளவில் வெட்டியது. பங்கீட்டில் கிடைத்த பெட்ரோல் லிட்டர் 100 தோமானிலிருந்து 400 தோமானுக்கு ஏறியது (ஒரு தோமான் என்பது 10 ரியால்). 2007இல் பெட்ரோலுக்குப் பங்கீடு கொண்டுவந்தபோது தெஹ்ரானில் பெட்ரோல் பங்குகள் கொளுத்தப்பட்டதை அரசு மறந்திருக்கவில்லை. ஆகவே இம்முறை தலைக்கு மாதம் 45,500 தோமான் கொடுப்பதாகச் சொல்லி, விலை ஏறுவதற்கு முன்பே முதல் தவணையைக் குடும்பத் தலைவர்களின் வங்கிக் கணக்குகளில் போட்டு, எடுக்க முடியாதபடி முடக்கி வைத்தது. பணம் வந்திருப்பது கண்ணுக்குத் தெரியும், கை வைக்க முடியாது. புதிய விலை நடைமுறைக்கு வந்தபோதுதான் பூட்டைத் திறந்தார்கள். அரசியல் சாமர்த்தியம் என்றால் இதுதான். குடும்பத் தலைவர் என்பவர் பெரும்பாலும் ஆணாகவே இருந்ததால், மனைவியின் பங்கும் கணவரின் கணக்குக்கே போனது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்களா? ஈரானியப் பொருளியலாளர் ஜவாத் சாலேஹி-இஸ்ஃபஹானியும் அவருடைய சக ஆய்வாளரும் குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் உழைப்பு குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. பின்லாந்தில் 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகள் வேலையற்ற 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்த சோதனையிலும் அந்த அச்சம் மெய்ப்படவில்லை. இந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

ஈரானில் பிழை வேறிடத்தில் நேர்ந்தது. விலைவாசி ஆண்டுக்காண்டு ஏற, 45,500 என்ற எண் மட்டும் அசையாமல் நின்றது. தொடக்கத்தில் ஏறக்குறைய 45 டாலர் பெறுமானம் இருந்த அந்தத் தொகை, 2018 முடிவதற்குள் வெளிச்சந்தை மதிப்பில் நான்கைந்து டாலராகக் கரைந்துவிட்டது. யாரும் திட்டத்தை ரத்து செய்யவில்லை, மக்கள் தெருவில் இறங்கி மறிக்கும்படியான அறிவிப்பும் வரவில்லை. பணம் மாதந்தோறும் ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தது. 2022இல் இன்னொரு மானியத்தை வெட்டியபோதுதான் தலைக்கு 3 லட்சம், 4 லட்சம் தோமான் என்று புதிய தொகைகளை அறிவித்தார்கள்.

நம் நாட்டில் இந்த யோசனைக்கு அதிகாரபூர்வமான இடம் கிடைத்தது 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில். அரவிந்த் சுப்பிரமணியன் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது வந்த அந்த அறிக்கை, ஒருவருக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் என்று கணக்கிட்டது. அந்த எண் பிறந்த விதத்தைப் பாருங்கள்: வறுமையைப் போக்க 2011-12 விலையில் 5,400 ரூபாய் போதும் என்று கண்டு, ஐந்தாண்டு விலையேற்றத்தைச் சேர்த்து 7,620 ஆக்கினார்கள். ஐந்தே ஆண்டுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கூட்ட வேண்டியிருந்தது என்றால், ஆண்டுதோறும் தானாக உயரும் ஏற்பாட்டைச் சட்டத்திலேயே எழுதாமல் எந்தத் தொகையை அறிவித்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

தமிழ்நாட்டின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை அனைவருக்குமானதன்று; தகுதி பார்த்துக் கொடுப்பது. பெண்ணின் கணக்கிலேயே போடும் அளவில் ஈரானைவிட அது மேலானது. 2023 செப்டம்பரில் 1,000 ரூபாயாக அது தொடங்கியபோது, வந்த பணத்தை அம்மா மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதத் தொடங்கினார். முதல் மாதம்: துவரம்பருப்பு, தேங்காய் எண்ணெய், புளி, துணி சோப்பு, மீதி பூக்காரிக்கு. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நோட்டைப் புரட்டினேன். தேங்காய் எண்ணெய்க்கு நேரே ‘அரை லிட்டர் போதும்’ என்று எழுதியிருந்தது. பூக்காரியின் பெயரைக் காணோம்.