வில்லை விட்டு அம்பைப் பிடித்தேன்

ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த, ஒலிம்பிக்கில் எய்யும் வகை) வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர், குறி சிதறினால் முதலில் கை வைப்பது வில்லில்தான். பிளஞ்சரை (அம்பு பக்கவாட்டில் சாயும் ஸ்பிரிங் பொத்தான்) திருகுவார்கள், நாணை முறுக்குவார்கள், குறிபார்க்கும் சைட்டை நகர்த்துவார்கள். இந்த முறை நான் வரிசையை மாற்றினேன். வில்லைத் தொடாமல் அம்பிலிருந்து ஆரம்பித்தேன். செலவு குறைவு, பலன் நான் நினைத்ததைவிட அதிகம்.

சாமான் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 25 அங்குல ரைசர் (நடுவில் பிடிக்கும் பகுதி), அதில் பொதுவான ஐ.எல்.எஃப். முறையில் மாட்டும் லிம்ப் (வளையும் கைகள்), மொத்தம் 68 அங்குல வில். நான் இழுக்கும் நீளத்தில் விரலில் வரும் விசை 32 பவுண்டு. அம்பு கார்பன், ஸ்பைன் (தண்டு வளையும் அளவு) 700, நீளம் 28.5 அங்குலம், முனை 100 கிரெயின் (ஏறத்தாழ 6.5 கிராம்). பட்டறை என்று பெயர், உண்மையில் அது கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டின் பின்பக்கம் துணி காயப்போடும் இடம். எய்து பார்ப்பதெல்லாம் மன்றத்தின் திடலில் மட்டும். வீட்டில் அளக்கலாம், ஒட்டலாம், நாண் கட்டலாம், அவ்வளவுதான். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடுவதும் கூடாது. அம்புக்குப் போகவேண்டிய விசை முழுவதும் லிம்புக்கே திரும்பி, அதை உடைத்துவிடக்கூடும்.

“துப்பாக்கிக்காரர்கள் ஸ்டாக்கைச் செதுக்கி, குழாயைச் சரிபார்த்து என்னென்னவோ செய்கிறார்களே, அதை நீங்களும் செய்யலாமே மாமா?” என்று அக்கா மகன் கேட்டான். அதெல்லாம் வேறு நாட்டுக் கதை. இங்கே மலேசியாவில், 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர்கன்கூட ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் வைத்திருக்கவே முடியாது, வீட்டில் பிரித்து நோண்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. துல்லியத்தின் மேல் ஆசைப்படுகிறவனுக்கு வில்லே போதும். நோண்டுவதற்கு அதில் குறைவில்லை.

முதலில் எடை. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, பன்னிரண்டு அம்புக்கும் எண் போட்டு நிறுத்தேன். லேசானது 19.4 கிராம், கனமானது 19.8. இந்த 0.4 கிராம் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் அது இரண்டு சதவீதம். என் வில்லிலிருந்து அம்பு வினாடிக்கு 50 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 30 மீட்டரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். 70 மீட்டரில் அது பத்து சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். ஒலிம்பிக் தூரமான 70 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 12.2 சென்டிமீட்டர்தான். கை நடுங்காமல், மூச்சை அடக்கி, எல்லாம் சரியாகச் செய்தும் அம்பு மேலும் கீழும் போனால் ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை.

எடையைச் சமப்படுத்த ஒரு அம்பைக்கூட அறுக்கவில்லை. எல்லா முனையையும் கழற்றி, தண்டு தனி, முனை தனி, நாக் (நாணில் மாட்டும் பிளவுள்ள பின்முனை) தனி என்று நிறுத்தேன். கனமான தண்டுக்கு லேசான முனை, லேசான தண்டுக்குக் கனமான முனை என்று ஜோடி மாற்றினேன். முனை, சூட்டில் இளகும் ஹாட்மெல்ட் பசையில் ஒட்டியிருந்ததால் கொதிநீரில் முக்கினாலே கழன்றுவிட்டது. லைட்டரைக் காட்டி அவசரப்படுத்தினால் கார்பனைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் கெட்டுப்போகும். அப்புறம் அந்தத் தண்டை நம்ப முடியாது. ஜோடி மாற்றி முடித்தபோது வித்தியாசம் 0.1 கிராமுக்குள் வந்துவிட்டது.

அடுத்தது ஸ்பைன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. விரலால் நாணை விடும்போது அது நேராகப் போவதில்லை, விரலைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் நழுவுகிறது. பின்னாலிருந்து அழுத்தம் வருவதால் அம்பு வளைந்து, ரைசரைச் சுற்றிக் கடந்து, மறுபக்கம் வளைந்து, அப்படியே நெளிந்துகொண்டே போகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதிவேகப் படம் எடுத்து இதைக் காட்டினார். ஒரு அம்பு மற்றதைவிட விறைப்பாக இருந்தால் அது நெளியும் அளவு மாறும். வலக்கைக்காரருக்கு விறைப்பானது இடப்பக்கமும் தொய்வானது வலப்பக்கமும் போய் விழும்.

ஸ்பைன் எண்ணுக்குப் பின்னால் இருப்பது எளிய அளவு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள், நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடை. தண்டு எவ்வளவு தொய்கிறது என்பதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொன்னால் அதுதான் ஸ்பைன். 700 என்றால் 0.7 அங்குலம், 17.8 மில்லிமீட்டர். இதை வீட்டிலேயே கட்டிவிட்டேன். ஒரு மரப்பலகை, 711 மில்லிமீட்டர் தள்ளி இரண்டு ஜோடி சின்ன பேரிங், எடைக்கு மீன்பிடிக் கடையில் வாங்கிய ஈயக்குண்டுகள். சமையலறைத் தராசில் வைத்து 880 கிராம் வரும்வரை ஈயத்தைத் தேய்த்தேன் (தராசை அதற்கப்புறம் இரண்டு முறை கழுவ வேண்டியிருந்தது, வீட்டுக்காரி உத்தரவு).

தொய்வை மில்லிமீட்டரில் முள்ளால் காட்டும் டயல் கேஜ் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 10 மில்லிமீட்டர் ஓடுவது. நமக்கு வேண்டியது கிட்டத்தட்ட 18, அதனால் 25 மில்லிமீட்டர் ஓடுவதாகப் பார்த்து வாங்கவேண்டும். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமாவிடம் பலகையைக் காட்டினேன். பேரிங்கை விரலால் சுழற்றிப் பார்த்தார். “கேஜ் ஸ்பிரிங்கும் கொஞ்சம் மேலே தள்ளும் மாப்பிள்ளை. வரும் எண்ணை அப்படியே நம்பாதே, ஒன்றோடு ஒன்றை ஒப்பிடு” என்றார். எனக்கு வேண்டியதும் ஒப்பீடுதான்.

பன்னிரண்டும் 17.2லிருந்து 18.5 வரை பரவிக் கிடந்தன. பெட்டியில் எல்லாவற்றுக்கும் 700 என்றுதான் அச்சிட்டிருந்தது. அதைவிடச் சுவையானது, ஒரே தண்டை பேரிங் மேல் மெல்ல உருட்டினால் எண் ஏறி இறங்கியது. கார்பன் துணியைச் சுருட்டிச் செய்யும்போது மடிப்பு விழும் பக்கம் கொஞ்சம் விறைப்பாகிவிடும் போலிருக்கிறது. ஒவ்வொரு தண்டிலும் விறைப்பான பக்கத்தை வெள்ளை மார்க்கரால் குறித்து, அந்தப் பக்கம் எப்போதும் பிளஞ்சரைப் பார்க்கும்படி நாக் துண்டைத் திருப்பி வைத்தேன். காசு செலவே இல்லாத வேலை. அதே பேரிங்கில் சுழற்றியபோது முனை ஆடிய அம்பு ஒன்றும் சிக்கியது, அதை ஓரம் கட்டினேன்.

மற்றவற்றைத் தொய்வு வாரியாக வரிசைப்படுத்தி, நெருக்கமான ஆறைத் தனியாக எடுத்தேன். 70 மீட்டர் தகுதிச் சுற்றில் 72 அம்பு எய்யவேண்டும், ஆனால் ஒரு தடவைக்கு ஆறுதான். ஆறு அம்பு ஒத்துப்போனால் போட்டிக்கே போதும். பன்னிரண்டையும் ஒன்றாக்குகிறேன் என்று உட்கார்ந்தால் பொழுது போகும், பணமும் போகும்.

இறகு ஒட்டுவதில் சொல்ல அதிகமில்லை. அசிட்டோனால் துடைத்து, அம்பைப் பிடித்து வைக்கும் ஜிக்கில் வைத்து, 120 பாகை இடைவெளியில் மூன்று வேன் (பிளாஸ்டிக் இறகு). சூப்பர் குளூ காற்றின் ஈரத்தில்தான் இறுகும், கோலாலம்பூரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கண் மூடித் திறப்பதற்குள் பிடித்துக்கொள்கிறது, திருத்த நேரம் கிடைக்காது. பசை கூடினால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும்.

இதற்கெல்லாம் பிறகுதான் வில்லுக்கு வந்தேன். நாணை முறுக்கி பிரேஸ் உயரத்தை (நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி) எட்டரை அங்குலத்தில் தொடங்கி, ஒன்பது வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். எங்கே சத்தமும் அதிர்வும் குறைகிறதோ அங்கே நிறுத்தவேண்டும். என் வில் எட்டே முக்காலில் அமைதியானது. நாணில் அம்பு மாட்டும் இடமான நாக்கிங் பாயின்டில் பித்தளை வளையத்தைக் கழற்றிவிட்டு நூலால் கட்டினேன், அம்பு தாங்கியிலிருந்து நாணுக்குச் செங்குத்தாக வரும் கோட்டுக்கு 10 மில்லிமீட்டர் மேலே. நூல் என்றால் திருகி நகர்த்தலாம், எடையும் குறைவு.

பிறகு திடலில் 18 மீட்டரில் பேர்ஷாஃப்ட் (இறகில்லா அம்பு) சோதனை. இறகுள்ள மூன்று அம்பு, இறகில்லாத இரண்டு. இறகு அம்பின் தவறைப் பறக்கும்போதே திருத்திவிடும். இறகில்லாதது உள்ளதை உள்ளபடி காட்டும். எனக்கு இறகில்லாதவை இடப்பக்கமும் கீழேயும் விழுந்தன. கீழே என்றால் நாக்கிங் பாயின்ட் அதிக உயரம், ஒரு மில்லிமீட்டர் இறக்கினேன். இடப்பக்கம் என்றால் இந்த வில்லுக்கு அம்பு விறைப்பு. லிம்ப் போல்ட் இரண்டையும் ஒரே அளவு, அரைச் சுற்று உள்ளே திருகி வில்லின் விசையைக் கூட்டினேன். மிச்சத்தைப் பிளஞ்சர் ஸ்பிரிங்கைத் தளர்த்திச் சரிக்கட்டினேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியவே தெரியாது. முடிவில் இறகில்லாதவையும் மற்றவற்றோடு உள்ளங்கை அளவுக்குள் சேர்ந்தன.

இதே சோதனையை அம்புகளைப் பிரிப்பதற்கு முன்னாலும் செய்திருக்கிறேன். அப்போது ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வரும். காரணம் இப்போது புரிகிறது. 17.2 தொய்வுள்ள ஒன்றுக்கு இறகைப் பிய்த்து, 18.5 உள்ளதோடு ஒப்பிட்டால் பிளஞ்சர் என்ன செய்யும் பாவம்.

30 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிய ஆறு அம்பு இப்போது சாஸருக்குள் விழுகிறது. எல்லாத் தடவையும் இல்லை, ஆள் களைத்துவிட்டால் தட்டுதான். ஒவ்வொரு அம்பும் எங்கே பட்டது என்று எண்ணோடு தாளில் குறித்துக்கொள்கிறேன். ஒரு தடவை விலகுவது என் கை. எத்தனை தடவை எய்தாலும் ஒரே திசையில் விலகுவது அம்பின் குறை. இந்தக் கணக்கில் ஏழாம் எண் மாட்டிக்கொண்டது. எடை சரி, தொய்வு சரி, ஆனாலும் மணி இரண்டைப் பார்த்தே போகிறது. நாக் துண்டை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. கையிருப்பிலிருந்து மூன்றாம் எண்ணை அதன் இடத்தில் சேர்த்துவிட்டேன்.

50 மீட்டர் சைட் குறி இன்னும் எடுக்கவில்லை. மாலையானால் மழை கொட்டுவதால் காலையில்தான் திடலுக்குப் போகவேண்டும். மழைக்குப் பயந்து வில்லைக் காரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் மன்றத்திலேயே இருக்கிறார்கள். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் லிம்பின் அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை இளகினால், மேலே சொன்ன எந்த வேலையும் அந்த வில்லைக் காப்பாற்றாது.