வன்னி வீதியில் கிளச் பழகுதல்

மனுவல் கியர் உள்ள ஸ்போர்ட்ஸ் காரை ஒருவர் நன்றாக ஓட்டுகிறார் என்று சொல்லும்போது, அவர் எவ்வளவு வேகமாகப் போகிறார் என்பதையே நம்மில் பலர் மனதில் வைத்துப் பேசுகிறோம். என்னுடைய அளவுகோல் வேறு. பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பவருக்குக் கியர் மாறியது எஞ்சின் சத்தத்தில் மட்டுமே தெரிய வேண்டும். தலை முன்னுக்கோ பின்னுக்கோ ஆடித் தெரியக் கூடாது. அதற்குப் பந்தயத் திடல் தேவையில்லை என்பதும், கட்டாக்காலி மாடுகள் குறுக்கே வருகின்ற, மணிக்கு 70 கிலோமீற்றர் என்ற சட்ட எல்லைக்குட்பட்ட வன்னி வீதிகளிலேயே அந்தத் திறமையின் பெரும்பகுதியைக் கற்றுக்கொள்ளலாம் என்பதும் என் உறுதியான எண்ணம்.

முதலில் காலுக்குக் கீழே நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பிளைவீலுக்கும் பிரெஷர் பிளேட்டுக்கும் நடுவில், கியர்பொக்ஸைச் சுற்றவைக்கும் கிளச் பிளேட் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பெடலை மிதிக்கும்போது மாஸ்ரர் சிலிண்டரில் எழும் எண்ணெய் அழுத்தம் கியர்பொக்ஸ் பக்கத்திலுள்ள சிறிய சிலிண்டருக்குப் போய், ரிலீஸ் பெயரிங்கைத் தள்ளி, வட்ட வடிவமான வில்லின் நுனிகளை அமத்தி, அந்த நெருக்கத்தை விடுவிக்கிறது. பெடல் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்தாலும் பிரெஷர் பிளேட் விலகுவது இரண்டு மில்லிமீற்றர் அளவுதான். கிளச் பிளேட்டின் இரு உராய்வுப் பரப்புகளுக்கும் இடையில் அலை அலையாக வளைந்த மெல்லிய தகடுகள் உண்டு. அவை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு அமுங்கிக் கொடுப்பதால்தான் கிளச் ஒரேயடியாக இறுகாமல் படிப்படியாகப் பிடிக்கிறது. கிளச் மென்மையாக இருக்கிறது, முரட்டுத்தனமாக இருக்கிறது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கியிருக்கிறது. காலின் வேலை, அதை அறிந்து அதற்குள் நிதானமாக நடமாடுவது.

இதற்கு இருக்கையைச் சரியாக வைத்துக்கொள்வது அவசியம், ஆனால் அதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. பெடலை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். குதிக்கால் தரையில் ஊன்றியிருக்க, கிளச் பிடிக்கும் இடத்தைக் கணுக்காலின் அசைவால் கடக்க முடிய வேண்டும். இருக்கை தூரமாக இருந்தால் தொடையைத் தூக்கித்தான் பெடலை விட வேண்டியிருக்கும். தொடைக்குப் பலம் உண்டே தவிர நுட்பம் குறைவு. தடித்த அடி கொண்ட சப்பாத்தும் இதே கெடுதலைச் செய்யும்.

புறப்படுவதைப் பழக ஏ9 வீதியில் முறிகண்டியை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பிள்ளையாரைக் கும்பிட எல்லா வாகனங்களும் அங்கே நிற்கும். தேங்காய் உடைப்பவர்களும் கச்சான் விற்பவர்களும் பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களும் வீதியோரத்தில் நிறைந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் அக்சிலேட்டரைத் தொடாமல், எஞ்சினின் சும்மா ஓடும் வேகத்திலேயே கிளச்சை மட்டும் விட்டுக் காரை நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், கிளச் பிடிக்கும் இடம் உங்கள் காலுக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். எஞ்சினை இரையவிட்டு அரைக் கிளச்சில் நகர்வது சுலபமாகத் தோன்றும், ஆனால் அதன் விலை பெரிது. எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, பிளேட் முழுதாகப் பிடிக்கும்வரை வழுக்கவிட்டால், கார் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான வெப்பம் கிளச்சில் உருவாகிறது. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், நிமிடத்துக்கு 1500 சுற்றில் புறப்படுவதோடு ஒப்பிட்டால் 4000 சுற்றில் அவ்வாறு புறப்படுவது ஏழு மடங்கு வெப்பத்தைத் தருகிறது. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி போன்ற இடங்களில் தொடக்கக் கோட்டில் நிற்பவர்கள் காரணத்தோடு அந்த விலையைக் கொடுக்கிறார்கள்; கச்சான் வாங்கப் போகும் நமக்கு அந்தத் தேவை இல்லை.

ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதன் இன்பம் கியரை இறக்கும் இடத்தில்தான் இருக்கிறது. நான் ஓட்டுவது 1989இல் வெளிவந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லீற்றர் எஞ்சின், ஐந்து கியர். அதன் இரண்டாம் கியரின் விகிதம் 1.888, மூன்றாம் கியர் 1.330, நான்காம் கியர் 1.000. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது எஞ்சின் நான்காம் கியரில் ஏறத்தாழ 2400 சுற்றிலும், மூன்றாம் கியரில் 3150 சுற்றிலும், இரண்டாம் கியரில் 4500 சுற்றிலும் ஓடும். ஆகவே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குபவர், கிளச்சை விடுவதற்கு முன் எஞ்சினுக்கு 1350 சுற்றுக் கூட்டிக் கொடுக்க வேண்டும். கிளச் அமத்தியிருக்கும் கணத்தில் அக்சிலேட்டரில் கொடுக்கும் சின்ன ரேஸ் அந்த வேலையைச் செய்கிறது. அப்படிக் கொடுக்காவிட்டால் அந்த 1350 சுற்றையும் சக்கரங்களே கிளச்சின் வழியாக எஞ்சினுக்குள் இழுத்து ஏற்ற வேண்டியிருக்கும். பின்சக்கரத்தால் ஓடும் காரில் அந்த இழுவை பின்ரயர்களில் மட்டும் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்திருக்கும் வீதியில், அதுவும் வளைவில், ரயர் ஒரு கணம் பூட்டிக்கொண்டு காரின் பின்பக்கம் விலகிப் போவதற்கு அது போதும். இந்த ரேஸைப் பகட்டு என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பாதுகாப்பு.

நம் பெரியவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. மொரிஸ் மைனரின் முதலாம் கியருக்கு, பற்கள் சேருமுன் வேகங்களைச் சமப்படுத்தும் சிங்குரோமெஷ் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாம் கியருக்கு இறக்க வேண்டுமானால், கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு, ரேஸ் கொடுத்து, மறுபடி மிதித்துத்தான் கியரைப் போட முடியும். பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில், சில துளி பெற்றோலில் இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை எஞ்சின் நிற்கவிடாமல் ஓட்டியவர்களின் காலில் இருந்த நிதானத்தை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். என் பெரியப்பா தன் மொரிஸில் கியர் இறக்கும்போது எழுந்த அந்த இரட்டைச் சத்தத்திலிருந்துதான் நான் எல்லாவற்றையும் தொடங்கினேன். இன்றைய கியர்பொக்ஸ்களில் இப்படி இரண்டு தரம் மிதிக்கும் இரட்டைக் கிளச் முறை அவசியமில்லை, ஆனாலும் பழகுபவர்கள் கொஞ்சக் காலம் அப்படிச் செய்து பார்ப்பது நல்லது. எஞ்சின், கியர்பொக்ஸின் உள்தண்டு, சக்கரம் ஆகிய மூன்றின் வேகங்களும் தனித்தனியானவை என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரியும்.

பயிற்சிக்குப் பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியும், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகும் காட்டு வீதியும் உகந்தவை. விடிந்து வெளிச்சம் வந்தபின், பின்னால் வாகனம் இல்லாத நேரத்தில், பிரேக்கைத் தொடாமல் நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கிப் பழகுங்கள். 750 சுற்றுத்தான் வித்தியாசம் என்பதால் தவறினாலும் காருக்குக் கேடில்லை. பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு. முன்பாதத்தால் பிரேக்கை அமத்தியபடி அதே காலின் ஓரத்தாலோ குதியாலோ அக்சிலேட்டரைத் தட்டும் முறையைக் கடைசிக்கு விடுங்கள். பலமாகப் பிரேக் பிடிக்கும்போதுதான் பிரேக் பெடல் அக்சிலேட்டரின் மட்டத்துக்கு இறங்கி வரும். மென்மையான பிரேக்கில் அது உயரமாகவே நிற்பதால் கால் எட்டாது. வீதியில் இது வரவில்லை என்று மனம் சோர்பவர்களுக்கு நான் சொல்வது, தடை அநேகமாகப் பெடலின் உயரத்தில் இருக்கிறது என்பதே. இருட்டியபின் எதையும் பழக வேண்டாம். விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டியும் படுத்திருக்கும் எருமையும் நம் வீதிகளில் உண்மையான ஆபத்துகள்.

கிளச்சின் உணர்வு கெட்டுப்போனால் பலரும் உடனே பிளேட்டையே சந்தேகிக்கிறார்கள். ரிவேர்ஸ் போடும்போது பல்லுக் கடிக்கும் சத்தம் வந்தபோது நானும் அதையே கேட்டேன். கிளிநொச்சியில் நான் நம்பிப் போகும் கராஜ் அண்ணை, பெடலைத் தொடர்ந்து சில தரம் மிதித்துவிட்டு ரிவேர்ஸைப் போட்டுக் காட்டினார், சத்தமில்லாமல் விழுந்தது. “தம்பி, பிளேட்டில பிழையில்லை. முதல் எண்ணெயை மாத்தி எயாரை எடுப்பம், அதுக்குப் பிறகு பாப்பம்” என்றார். அவர் சொன்னதே சரியாக இருந்தது. கிளச் எண்ணெயும் பிரேக் எண்ணெயும் ஒரே வகைதான். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை அதற்கு உண்டு. எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்தால் பெடலின் அசைவில் ஒரு பகுதி அந்தக் காற்றை நெருக்குவதிலேயே வீணாகி, பிளேட் முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். இதற்கு எதிர்மாறான கோளாறு பிளேட் வழுக்குவது: உயர்ந்த கியரில் அக்சிலேட்டரை நன்றாக அமத்தும்போது எஞ்சின் மட்டும் இரைந்து கார் வேகமெடுக்காது. அப்படியானால் பிளேட் தேய்ந்திருக்கலாம், அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கலாம்.

சில கார்களில் தயாரித்தவர்களே காலுக்கும் பிளேட்டுக்கும் இடையில் ஒரு திரையைப் போட்டிருக்கிறார்கள். பிஎம்டபிள்யூ ஈ46 வகையில் எண்ணெய்க் குழாயில் ஒரு சிறு தடுப்பு இருக்கிறது. சாரதி பெடலைத் திடீரென்று விட்டாலும் பிளேட் மெதுவாகவே பிடிக்கும். கியர்பொக்ஸைக் காப்பாற்றும் நோக்கம் விளங்குகிறது, ஆனால் வேகமாகக் கியர் மாற்றும்போது கால் ஒன்று சொல்ல பிளேட் சற்றுப் பிந்தி வேறொன்று செய்கிறது. ரொயோட்டா 86இல் பெடலை இலகுவாக்க வைத்த உதவி வில்லும் பிடிக்கும் இடத்தின் உணர்வை மங்கலாக்குகிறது என்று அதைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது.

வீதியில் மட்டும் ஓடும் காருக்கு உலோகத் துண்டுகள் பதித்த பந்தய பிளேட்டையும் கனத்த பிரெஷர் பிளேட்டையும் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. எஞ்சினின் வலுவைக் கூட்டாத வரையில், பழைய பிளேட் தாங்கியதற்கு மேல் தாங்க வேண்டிய சுமை எதுவும் அங்கே இல்லை. கிடைப்பதெல்லாம் பாரமான பெடலும், முறிகண்டியில் குலுங்கிக் குலுங்கி நகரும் காரும்தான். பிளைவீலைச் சற்று இலேசாக்குவது வேறு விடயம். எஞ்சின் விரைவாக ஏறி விரைவாக இறங்குவதால் ரேஸ் கொடுப்பது துல்லியமாகும், புறப்படும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

பிளேட்டை மாற்றும் நாள் வந்தால், கியர்பொக்ஸைக் கழற்றும் கூலி ஒன்றுதான் என்பதால், பிரெஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங், பிளைவீல் நடுவிலுள்ள சின்னப் பெயரிங், கிராங் தண்டின் பின்பக்க எண்ணெய் சீல் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பிளைவீலின் முகத்தை லேத்தில் கொடுத்து மட்டமாக்குங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய உதிரிப்பாகங்கள் எத்தனையோ நல்லவையாகக் கிடைக்கும். பாவித்த கிளச் பிளேட்டை மட்டும் அங்கே வாங்க வேண்டாம். புதியதைப் போட்ட முதல் சில நூறு கிலோமீற்றருக்கு முழு அக்சிலேட்டர் கொடுக்காமல், நின்று நின்று போகும் ஊர் ஓட்டமாகவே ஓட்டினால் பரப்புகள் சீராகப் படிந்துவிடும். வவுனியா நகரத்துக்குள் சில நாட்கள் ஓடினால் அந்த வேலை நன்றாக நடக்கும்.