நெய் மட்டும் மலையேறிய வருடம்

2024 கார்த்திகை தீபத்தன்று நானும் அம்மாவும் திருவண்ணாமலையில் பேருந்தை விட்டு இறங்கும்போது காலை பத்து மணி இருக்கும். அம்மாவின் கையில் ஒரு தூக்கு, அதில் ஒரு கிலோ நெய். வீட்டில் வெண்ணெய் சேர்த்து அவரே காய்ச்சியது. அப்பா இருந்தவரை அந்த நெய்யை அவர்தான் மலைக்குக் கொண்டுபோவார். உச்சியில் தீபம் ஏற்றும் கொப்பரையில் ஊற்றிய பிறகுதான் பச்சைத் தண்ணீரே பல்லில் படும். அவர் போன பிறகு தூக்கு என் கைக்கு வந்தது. மூன்று முறை ஏறியிருக்கிறேன், கடைசியாக 2023-ல்.

இந்த முறை பக்தர்கள் யாரையும் மேலே விடமாட்டார்கள் என்பது கிளம்பும்போதே தெரியும். தெரிந்தும் அம்மா நெய் காய்ச்சினார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் நெருங்கும்போது பேருந்தில் எல்லோரும் வழக்கம்போல மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் ஒருவரும் பேசவில்லை. பச்சையாக இருக்க வேண்டிய சரிவில் செம்மண் பட்டை பட்டையாக இறங்கியிருந்தது, யாரோ நகத்தால் கீறியதுபோல. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், சீக்கிரம் நகராமல் இந்தப் பக்கமெல்லாம் கொட்டித் தீர்த்தது. மறுநாள், டிசம்பர் 1 மாலை, அடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடியதில் ஏழு பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

தீபம் டிசம்பர் 13. இடையில் பன்னிரண்டே நாள். வல்லுநர் குழு மலையேறிப் பார்த்தது. மண் ஊறிக் கிடக்கிறது, கூட்டத்தை ஏற்ற வேண்டாம் என்று முடிவானது. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமப்பவர்கள், தீபம் ஏற்றும் உரிமையுள்ள பர்வதராஜ குலத்தார், காவலுக்கும் உதவிக்கும் தேவையானவர்கள் மட்டும் போகலாம். முந்தைய வருடங்களில் 2,500 பேருக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். செங்கம் சாலையில் கலைக் கல்லூரி வாசலில் விடியற்காலையிலேயே வரிசை நிற்கும். அந்த வரிசை இந்த வருடம் இல்லை.

பேய்க்கோபுரம் பக்கம் ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். அங்கே பேச்செல்லாம் இதுதான். செய்யாறு பக்கத்துக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், மாலை போட்டிருந்தார். இருபது வருடத்துக்கு மேல் ஏறுகிறாராம். “மழைன்னு சொல்லி இன்னைக்கு மூடறாங்க. நாளைக்குக் காடுன்னு சொல்லுவாங்க. ஒரு தடவை மூடின பாதையை எவன் திறந்திருக்கான், சொல்லுங்க?” என்றார். குரல் உடைந்தது. அவர் மகள் பிறந்தபோது வேண்டிக்கொண்ட ஏற்றமாம் அது.

கடைக்காரர் உள்ளூர். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “ஐயா, எங்க தெருவுக்கு மேல ஒரு பாறை நிக்குது. ராத்திரி மழை பெஞ்சா பசங்களைத் தூக்கிட்டு என் மாமியார் வீட்டுக்குப் போயிடறோம். நீங்க வருஷத்துல ஒரு நாள் ஏறிட்டு ஊருக்குப் போயிடுவீங்க.”

பெரியவர் விடவில்லை. ரமணர் மலையில்தானே இருந்தார் என்றார். அதை யாரும் மறுக்க முடியாது. 1896-ல் பதினாறு வயதுப் பையனாக வந்தவர், விரூபாட்ச குகையிலும் அப்புறம் கந்தாசிரமத்திலுமாக இருபது வருடத்துக்கு மேல் இந்தச் சரிவிலேயே வாழ்ந்தார். குகை நமசிவாயரும் அப்படித்தான். மலையை நம்பி மலையிலேயே கிடந்தவர்கள். அவர்களைக் காட்டி நாமும் ஏறலாம் என்பது பெரியவரின் வாதம். எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. ஆனால் அவர்கள் வந்து தங்கியவர்கள், மலைக்கு அடங்கி வாழ்ந்தவர்கள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கும் நம்மை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

நான் ஏறியவன், அதனால் மேலே பார்த்ததைச் சொல்கிறேன். கந்தாசிரமம் வரைக்கும் கல் பாவிய பாதை, மரநிழல், குரங்குகள். அதற்கு மேல்தான் உண்மையான ஏற்றம். ஏழு சுனை தாண்டினால் நிழல் குறைந்துவிடும். செருப்பில்லாத காலில் பாறை சுடும், இடையிடையே கோரைபோல வளர்ந்த புல்லைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். 2,668 அடி என்பது சொல்லக் கேட்கச் சின்னதாக இருக்கும், ஏறும்போது மூச்சு வாங்கிவிடும். எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. 2023-ல் என் முன்னால் போனவர் கால் வைத்த இடத்தில் மண் பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளங்கையளவு கல் ஒன்று என் முழங்காலைத் தட்டிவிட்டுக் கீழே உருண்டது. கீழே இருந்தவர் ‘அரோகரா’ என்று கத்தியபடி ஒதுங்கினார். அன்றைக்கு அது எங்களுக்கு ஒரு சிரிப்பு. வ.உ.சி. நகர் செய்தியைப் பார்த்த இரவில் அந்தக் கல்தான் கண்முன் வந்தது.

ஏறியவர்களால் மலை சரிந்தது என்று நான் சொல்லவில்லை. சரித்தது மழை. சரிவில் வீடுகள் பெருகியது வேறு, அது நீதிமன்றம் வரை போன விவகாரம். ஆனால் கிழிந்து கிடக்கும் உடம்பின் மேல், நாளும் கிழமையும் வந்துவிட்டது என்பதற்காக 2,500 பேர் நடக்கலாமா? அந்த உடம்பு சிவன் என்று நம்புகிற நாமே நடக்கலாமா?

கோயிலின் வழக்கத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது, அதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. தீபம் பதினோரு நாள் எரிந்து கொப்பரை இறங்கிய பிறகு உச்சியில் பிராயச்சித்த பூஜை நடக்கும். மலையே சுவாமி, அதன்மேல் மனிதக் கால் பட்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்வது. தீபம் ஏற்றப் போனவர்களுக்கே அப்படி என்றால் வேடிக்கை பார்க்கப் போனவர்களுக்கு என்ன சொல்ல? அண்ணாமலையாரே வருடத்துக்கு இரண்டு முறை, தீபத்தை ஒட்டி ஒரு தடவை, சுவாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் நடக்கும் திருவூடல் சமயத்தில் ஒரு தடவை, கிரிவலம்தான் வருகிறார். பதினான்கு கிலோமீட்டரையும் சுற்றி வருகிறார்.

இதை அப்பா என்னிடம் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். முதல்முறை என்னைக் கூட்டிக்கொண்டு ஏறியபோது கந்தாசிரமத்தில் உட்கார்ந்து சொன்னது. “நெருப்பா நின்ன சாமியோட முடியைப் பார்க்கறேன்னு அன்னமா பறந்தவர் பிரம்மா. பார்க்கலை. தாழம்பூவைச் சாட்சி வச்சுப் பார்த்தேன்னு பொய் சொன்னார். அதனால மேல போயிட்டு வந்து, நான் உச்சியைப் பார்த்துட்டேன்னு எவன்கிட்டயும் சொல்லாதே.” அப்போது எனக்குப் பதினேழு வயது. ஊருக்குப் போனதும் எல்லோரிடமும் சொன்னேன்.

சரி, நெய் விஷயத்துக்கு வருகிறேன். கோயிலிலேயே நெய்க் காணிக்கை வாங்கும் இடம் இருக்கிறது. அம்மா தூக்கை நீட்டினார். அங்கே இருந்த பையன் அதை வாங்கிப் பெரிய பாத்திரத்தில் கவிழ்த்தான். அடியில் ஒட்டியிருந்ததை அம்மா விடவில்லை, “தம்பி, கொஞ்சம் பொறு” என்று விரலை விட்டு வழித்து வழித்து ஊற்றினார். பின்னால் வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர்கள் கையிலும் தூக்கும் டப்பாவும்தான் இருந்தன.

மாலையில் கிரிவலப் பாதையில், கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில் நின்றோம். மலையைப் பாதி மேகம் மூடியிருந்தது. உள்ளே கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் கணநேரம் வெளியே வந்து காட்சி தருவார், அந்த நேரத்தில்தான் மேலே ஏற்றுவார்கள். மணி ஆறு. மேகத்துக்குள் மஞ்சளாக ஏதோ அசைந்தது, மறைந்தது, பிறகு நின்று எரிந்தது. ஊரே ஒரே குரலாக ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்றது. தெருவில், மாடிகளில், கடை வாசல்களில் எல்லாம் அகல்கள் ஏறின. செய்யாற்றுப் பெரியவரைக் கூட்டத்தில் மறுபடி பார்த்தேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுத்தெருவில், அந்த ஈரத்தில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். சுற்றி நின்றவர்கள் அவரை மிதிக்காமல் வட்டம் கட்டினார்கள்.

மேலே இருந்து இதை நான் பார்த்ததே இல்லை. உச்சியில் நிற்கும்போது வெப்பமும் புகையும் தள்ளுமுள்ளும்தான் தெரியும். நெய் ஊறிக் கறுத்த பாறை வழுக்கும், காலைப் பார்த்துக்கொள்வதிலேயே நேரம் போய்விடும். தீபத்தைப் பார்த்த ஊர் எப்படி இருக்கிறது என்பது இந்த வருடம்தான் தெரிந்தது.

இரவு கிரிவலப் பாதையில் யம லிங்கம் தாண்டி அம்மாவுக்குக் கால் வலித்தது. ஒரு பூக்கார ஆயாவின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பிறந்ததிலிருந்து இந்த ஊர்தானாம், ஒரு தடவைகூட மலை ஏறியதில்லையாம். “எங்க வீட்டுல கூடாதுன்னுவாங்க” என்றார். நான் ஏறியிருக்கிறேன் என்று அம்மா சொன்னதும் என் பக்கம் திரும்பினார்.

“மேல என்ன சாமி இருக்கு?”

“பாதம் இருக்கு ஆயா. பாறையில அண்ணாமலையார் பாதம்.”

“அவ்ளோ உசரத்துலயும் பாதம்தானா?” என்றார். மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, அம்மாவுக்கு ஒரு முழம் சேர்த்து அளந்தார்.