தலைக்கு 25,000 பிராங்க்

"தம்பி, சுவிஸிலை ஏதோ ஒரு ஊரிலை போய்க் குடியிருந்தால் காசு குடுக்கினமாம். பிள்ளையளுக்கும் சேர்த்து! நீ ஏன் இன்னும் போகேல்லை?"

புங்குடுதீவிலிருந்து சின்னம்மாவின் குரல் பதிவு. செய்தி 2017இல் வந்தது. வட்ஸ்அப்பில் அதற்குச் சாவே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் கோப்பை கழுவியவனிடம், காசு சும்மா கிடக்கிறதாம், குனிந்து எடுக்கத்தான் ஆளில்லையாம்!

ஊரின் பெயர் அல்பினென். வாலிஸ் மாநிலத்தில் 1,300 மீட்டர் உயரத்தில், சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கருத்த மரவீடுகள். சனம் 240 பேர் மட்டில். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வந்து குடியேறுபவர்களுக்குக் காசு கொடுப்பதா என்று ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுத்தபோது 71 பேர் ஆம், 29 பேர் இல்லை. பெரியவருக்கு 25,000 பிராங்க், பிள்ளைக்கு 10,000.

சின்னம்மாவுக்குப் போய்ச் சேராத மிச்சக்கதை: வயது 45க்குக் கீழ் இருக்கவேண்டும், வெளிநாட்டவர் என்றால் நிரந்தர வதிவிட அனுமதி வேண்டும், வீட்டுக்குக் குறைந்தது 2 லட்சம் பிராங்க் போடவேண்டும். பத்து வருடத்துக்குள் வெளிக்கிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டவேண்டும். எனக்கு வயதிலேயே கதை முடிந்தது.

ஆனாலும் ஒரு ஞாயிறு மஞ்சள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். முன்பு பக்கத்து ஊரான லொய்க்கர்பாட்டுக்குப் போக, பாறையில் சாத்திய எட்டு மர ஏணிகளில்தான் ஏறுவார்களாம், முதுகில் கூடையோடு. ஏணிகள் இன்னும் இருக்கின்றன. என் முழங்கால்தான் இல்லை. வாசலில் நின்ற பாட்டிக்கு, நானும் சுவிஸ்காரன் என்ற நினைப்பில் சூரிச் வணக்கம் வைத்தேன், "குருயெட்சி!" அவர் சிரித்துக்கொண்டே, "தாக்வோல்" என்றார். அந்த மலையின் வணக்கம் அது. சரி, நான் இன்னும் சூரிச்சைத் தாண்டவில்லை.

சாத்திய யன்னல்கள் நிறைய. அதுதான் பிழையாய்ப் போயிற்று. மலை மறைந்து எங்கள் ஒழுங்கை வந்துவிட்டது: 1991இல் வெளிக்கிட்ட வீடு, கூரையைத் தாண்டி வளர்ந்த வடலி, உவர்க் கிணறு. நாங்களும் ஊருக்குக் காசு அனுப்புகிறோம், கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க. தேர் இழுக்கத்தான் வெளியிலிருந்து ஆள் கூப்பிடவேண்டும்.

"வயது கடந்திட்டுது சின்னம்மா" என்று பதில் போட்டேன்.

"அப்ப இஞ்சை வா. நாங்கள் வயது கேக்கமாட்டம், காசும் தரமாட்டம்."

கொஞ்ச நேரத்தில் இன்னொரு பதிவு. "வரேக்கை படலைக்கு ஒரு நல்ல சுவிஸ் பூட்டு வாங்கிக்கொண்டு வா. பழசு துருப்பிடிச்சிட்டுது."