இருட்படத்தின் மூலையில் ஒரு வெளிச்சம்: அகச்சிவப்புக் கேமரா நாட்குறிப்பு

2023 நவம்பர் 6, திங்கள்

விண்மீன்களைப் படமெடுக்க நாங்கள் செய்துவரும் அகச்சிவப்புக் கேமரா, வெற்றிடமாக்கிக் குளிரவைக்கும் ஒரு கலத்துக்குள் இருக்கிறது. அந்தக் குளிர்கலத்தின் உள்ளழுத்தம் இன்று காலை ஒரு மில்லிபாரின் லட்சத்தில் ஒரு பங்குக்கு இறங்கியதும் திரவ நைட்ரஜனை ஊற்றத் தொடங்கினோம். இதைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதுபோல் செய்துவிட முடியாது. ஒளியைப் பதிவு செய்யும் உணரியின் வெப்பநிலை நிமிடத்துக்கு ஒரு கெல்வினுக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், ஒளியை வாங்கும் பாதரச காட்மியம் டெல்லூரைடு படலமும் அதன் கீழே மின்னேற்றத்தைப் படித்துத் தரும் சிலிக்கான் சில்லும் வெவ்வேறு அளவில் சுருங்குபவை, அவற்றை இணைக்கும் நுண்ணிய இண்டியம் குமிழ்களோ அவசரத்தைத் தாங்காதவை.

அறை வெப்பநிலையிலிருந்து, திரவ நைட்ரஜன் கொதிக்கும் 77 கெல்வினுக்கு (சுமார் −196 டிகிரி செல்சியஸ்) வரும்போது அலுமினியம் ஆயிரத்தில் ஏறத்தாழ நான்கு பங்கு சுருங்குகிறது. வில்லைகளைத் தாங்கும் எங்கள் 200 மி.மீ. தளத்தட்டு இரவுக்குள் முக்கால் மில்லிமீட்டர் குறைந்துவிடும். வில்லைகளை ஒட்டி வைக்காமல் சுருள்வில் கொண்டு அழுத்திப் பிடித்திருப்பது அதற்காகத்தான்.

நவம்பர் 8, புதன்

முதல் இருட்படம் எடுத்தோம். வடிகட்டிச் சக்கரத்தில் கண்ணாடிக்குப் பதிலாக அலுமினியத் தகடு பொருத்திய இடத்தைத் திருப்பி வைத்து, 300 வினாடி காத்திருந்து படித்த படம் அது. ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் கீழ் வலது மூலையில், ஈரச்சுவரில் பூஞ்சை படர்ந்ததுபோல ஒரு வெளிச்சம். அதன் நடுவில் ஒரு பிக்சலுக்கு வினாடிக்குப் பதினெட்டு எலக்ட்ரான்கள் சேர்கின்றன. படத்தின் மற்றப் பகுதிகளில் அந்த எண் பத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

ஜவ்வாது மலையில் காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் பல ஆண்டுகள் கண்ணுறு ஒளிக் கருவிகளோடு பழகிய நண்பர் ஒருவர், படத்தைப் பார்த்துவிட்டு, மூடியைப் போட்டு விளக்கை அணைத்தால் எங்களுக்கு இருட்டு வந்துவிடும், உங்களுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டார். கேலிதான், ஆனாலும் நியாயமான கேள்வி. அவருடைய உணரி சிலிக்கான், 1.1 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்துக்கு அப்பால் அதற்குக் கண் தெரியாது. எங்கள் உணரி 2.5 மைக்ரான் வரை பார்க்கிறது. 300 கெல்வினில் இருக்கும் சுவரும் மேசையும் என் கையும் 10 மைக்ரானை ஒட்டியே மிக அதிகமாக ஒளிர்கின்றன என்றாலும், அந்த ஒளியின் வால் 2.5 மைக்ரானுக்குள்ளும் நீண்டு வருகிறது. வானத்துக்கும் உணரிக்கும் இடையே குளிராத பொருள் எது இருந்தாலும் அது எங்களுக்கு ஒரு விளக்கு.

இத்தனை பாடுபட்டு இருட்டைத் தேடுவதற்கும் காரணம் உண்டு. வானமே அகச்சிவப்பில் இருட்டாக இல்லை. தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்துக்கு அருகில் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இரவெல்லாம் ஒளிர்கின்றன. அந்த ஒளியும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. அதைக் கழித்துத்தான் மங்கலான விண்மீனை அடைய வேண்டும். கருவியும் தன் பங்குக்கு ஒளிர்ந்தால் எதிலிருந்து எதைக் கழிப்பது?

நவம்பர் 9, வியாழன்

நேற்றிரவு முழுவதும் என் சந்தேகம் உணரியின் மேல்தான் இருந்தது. இவ்வகைச் சில்லுகளில் மூலையில் இருக்கும் வெளியீட்டுப் பெருக்கிகள், படிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது ஒளியை உமிழும் என்பது தெரிந்த குறை. எனவே அதே 300 வினாடிக்குள் ஒரு படத்தில் இரண்டு முறையும் இன்னொன்றில் அறுபது முறையும் படித்தோம். பெருக்கி குற்றவாளியாக இருந்தால் வெளிச்சம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை.

பிற்பகலில் வேறொன்று கண்ணில் பட்டது. காலை ஆறு மணிப் படத்தைவிட மூன்று மணிப் படத்தில் மூலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெளிச்சமாக இருந்தது. உணரியின் வெப்பநிலை நூறில் ஒரு கெல்வின்கூட மாறவில்லை. மாறியது ஆய்வகம்தான்: காலையில் 21 டிகிரி, பிற்பகலில் 27. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2.5 மைக்ரானில், அறை வெப்பநிலைப் பொருளின் ஒளிர்வு ஒவ்வொரு டிகிரிக்கும் ஆறு சதவீதத்துக்கு மேல் கூடும். ஆறு டிகிரிக்கு ஒன்றரை மடங்கு ஆகிறது. உணரி நல்லபடியாகவே இருக்கிறது. அது குளிர்கலத்தின் வெளிச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 10, வெள்ளி

ஒளி கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க வெந்நீர் ஒத்தடப் பை போதுமானதாக இருந்தது! சுவரின் ஒரு பகுதியில் பையைக் கட்டி, அங்கே பத்து டிகிரி ஏறியதும் படம் எடுத்து, ஆறவிட்டு, அடுத்த பகுதிக்குப் போனோம். சாளரப் பக்கத்தில் மாற்றமில்லை. பம்பு இணையும் பக்கத்திலும் இல்லை. மின்கம்பிகள் உள்ளே நுழையும் இணைப்பானின் அருகே பையை வைத்தபோது மூலை ஏறத்தாழ இரு மடங்கு பளிச்சிட்டது.

நவம்பர் 13, திங்கள்

நேற்று தீபாவளி. நைட்ரஜன் ஊற்றுவதை வெள்ளி மாலையே நிறுத்தி, ஊர் வெடி வெடித்த நேரத்தில் கருவியைத் தன்போக்கில் சூடேற விட்டுவைத்தோம். குளிர்ந்த நிலையில் திறந்தால் அறைக்காற்றின் ஈரம் முழுவதும் வில்லைகளிலும் உணரியிலும் உறைபனியாகப் படியும். இன்று மாலை 290 கெல்வின். நாளை திறக்கலாம்.

நவம்பர் 14, செவ்வாய்

திறந்தோம். குறை என்னுடைய வரைபடத்தில் இருந்தது.

வெளிச்சுவருக்கும் ஒளியியல் தளத்துக்கும் நடுவே, நைட்ரஜன் தொட்டியோடு பிணைத்துக் குளிர்விக்கப்படும் ஓர் அலுமினியக் கவசம் இருக்கிறது. சுவரின் வெப்பம் உள்ளே போகாமல் தடுப்பது அதன் வேலை. கம்பிகள் நுழைவதற்காக அதில் 12 மி.மீ. நீளமும் 3 மி.மீ. அகலமும் உள்ள ஒரு பிளவை நான் போட்டிருந்தேன். உணரிப் பெட்டியிலும் கம்பிக்கு ஒரு பிளவு. இரண்டும் ஒரே நேர்க்கோட்டில்! வரையும்போது கம்பி வளையாமல் போகிறதே என்று மகிழ்ந்தது நினைவிருக்கிறது. எங்கள் பட்டறையில் மூத்தவர் கவசத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, "சார், இந்தப் பக்கம் பார்த்தா அந்தப் பக்கம் தெரியுதே" என்றார். எட்டு நாள் சோதனை சொன்னதை அவர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார்.

நேர்ப்பாதையை மூடி, கம்பி இரண்டு முறை மடங்கிச் செல்லும் ஒரு சிறு கூட்டைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். உள்முகம் முழுவதும் கறுப்புப் பூச்சு. பூச்சு இல்லாவிட்டால் பளபளப்பான அலுமினியத்தில் பட்டுப் பட்டு ஒளி எப்படியும் உள்ளே வந்துவிடும்.

நம் நாட்டிலேயே இதைவிடக் கடினமானவற்றைச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. உத்தராகண்டில் தேவஸ்தலத்தின் 3.6 மீட்டர் தொலைநோக்கியில் இயங்கும் டிர்கேம்-2 என்ற அகச்சிவப்புக் கேமரா, 3.7 மைக்ரான் வரை பார்க்கிறது. அதன் இண்டியம் ஆன்டிமனைடு உணரியை ஹீலியக் குளிர்விப்பான் 35 கெல்வினில் வைக்கிறது. அந்த அலைநீளத்தில் என் பிளவு உணரியை நொடியில் நிரப்பியிருக்கும்.

நவம்பர் 22, புதன்

கூடு பொருத்தியாயிற்று, மீண்டும் வெற்றிடம், மீண்டும் நைட்ரஜன். பொறுமைக்கும் வேலை கிடைத்தது. காத்திருந்தபோது ஒன்றைக் குறித்துவைத்தேன்: லடாக்கின் ஹான்லே போல 4,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவென்பதால் திரவ நைட்ரஜன் 73 கெல்வினுக்கு அருகிலேயே கொதிக்கும். இங்கே 77-ல் சரிபார்த்த குவியத்தை அங்கே மறுபடியும் பார்க்க வேண்டும்.

நவம்பர் 24, வெள்ளி

காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இருட்படம் எடுத்தோம். இரண்டிலும் மூலையும் நடுப்பகுதியும் ஒன்றே: ஒரு பிக்சலுக்கு வினாடிக்கு 0.1 எலக்ட்ரானுக்குக் கீழே. ஒத்தடப் பையை இணைப்பானின் மேல் வைத்துப் பார்த்தோம். படத்தில் ஓர் அசைவும் இல்லை.

மாலையில் வடிகட்டிச் சக்கரத்தை மூன்றாம் இடத்துக்குத் திருப்பியபோது அது பாதியில் நின்றுவிட்டது. சக்கரம் சுழலும் தாங்கியில் எண்ணெய்ப் பசை மிச்சமிருந்து உறைந்திருக்கலாம். மறுபடியும் சூடேற்ற வேண்டும்.